பட்டம் இரண்டு, பெயர்ப்பலகை ஒன்று: கணக்கியலையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்கு

கணக்கியலையும் சட்டத்தையும் ஒன்றாகப் படித்துவிட்டால் வழக்கறிஞராகவும் கணக்காளராகவும் ஒரே நேரத்தில் தொழில் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். மலேசியாவில் அதற்கு வழி மிகவும் குறுகியது. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி, வேறொருவரிடம் வழக்கறிஞர் அல்லாத வேலையில் சம்பளத்துக்கு இருப்பவர் தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது. பட்டம் இரண்டு கிடைக்கும். வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை பெரும்பாலும் ஒன்றுதான். ஐந்தாண்டுப் படிப்புக்கு வீட்டை அடகு வைக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் வளர்ந்தவள். அப்பா தோட்ட ஆபீஸில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) எழுதிய கிராணி. அம்மா பால்மரம் வெட்டியவர்; தோட்டம் செம்பனைக்கு மாறியபின் உதிரிப் பழம் பொறுக்கினார். ஆஸ்திரேலியாவில் வணிகவியலும் சட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் முடித்து, இப்போது ஈப்போவில் வழக்கறிஞராக இருக்கிறேன். நில விற்பனை, வருமான வரி, நிறுவனக் கலைப்பு ஆகிய மூன்றும்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. இவற்றில் கணக்குப் படிக்கத் தெரியாத வழக்கறிஞர், கணக்காளர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நிதி அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைத் திறந்து, எந்த எண் எந்த ஒப்பந்தத்திலிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தவருக்கு அந்த நெருக்கடி இல்லை. இந்தப் படிப்பின் பயன் அதுதான்.

ஆகவே, சேரும் முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: எந்தத் தொழிலுக்கு எது துணை? நீதிமன்றத்தில் பேச ஆசை, கணக்கு அதற்குப் பலம் சேர்க்க வேண்டும் என்றால் ஒரு பாதை. தணிக்கை, வரி ஆலோசனை, நிறுவன நிதி இவற்றில் ஆசை, சட்டம் அதற்குத் துணையாக வேண்டும் என்றால் வேறு பாதை. பதில் பின்னால் மாறலாம். ஆனால் பதிலே இல்லாமல் சேர்ந்தவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் ஒன்றைக் கைவிடுகிறார்கள்.

எந்த வழியில் போவது

முதல் வழி, ஆஸ்திரேலியா அல்லது நியூசிலாந்தில் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம். ஒரு பருவத்துக்குப் பெரும்பாலும் நான்கு பாடங்கள். அவற்றைச் சட்டத்துக்கும் வணிகவியலுக்கும் பகிர்ந்துகொள்வீர்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வணிகவியல் பட்டம் என்றாலே கணக்கியல் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து, சி.பி.ஏ. ஆஸ்திரேலியா போன்ற கணக்காளர் அமைப்பு கேட்கும் அடிப்படைப் பாடங்கள் அனைத்தையும் முடித்தால்தான் அவர்களுடைய தொடக்கநிலைத் தேர்வுகளிலிருந்து விலக்குக் கிடைக்கும். சட்டப் பக்கத்திலும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராகச் சேர ‘பிரீஸ்ட்லி பதினொன்று’ என்று அழைக்கப்படும் 11 கட்டாயத் துறைகளைப் படித்தாக வேண்டும். இரண்டு கட்டாயப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விருப்பப் பாடத்துக்கு எவ்வளவு குறைந்த இடம் மிஞ்சுகிறது என்பது தெரியும். அந்தக் கொஞ்ச இடத்தில் வரிச் சட்டத்தையும் நொடிப்புச் சட்டத்தையும் கட்டாயம் எடுங்கள். மற்றவை உங்கள் விருப்பம்.

இரண்டாவது, பிரிட்டனில் சட்டமும் கணக்கியலும் சேர்ந்த கூட்டுப் பட்டம். காலம் குறைவு. ஆனால் மலேசியாவில் வழக்கறிஞராக வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகள் தேற வேண்டிய சி.எல்.பி. தேர்வை எழுத, அந்தப் பட்டம் சட்டத்தொழில் தகுதி வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டாம் வகுப்பின் கீழ்நிலைத் தேர்ச்சியும் வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயரை எழுத்து மாறாமல் எழுதி, அது ஏற்கப்படுமா என்று வாரியத்திடமே எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்வி முகவர் வாயால் சொல்லும் உறுதி எந்த அலுவலகத்திலும் செல்லாது.

மூன்றாவது வழியைத்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுச் சட்டப் பட்டம். பிறகு, அல்லது கடைசி ஆண்டிலிருந்தே, ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டிஷ் கணக்காளர் அமைப்பின் தேர்வுத் தாள்கள் 13. இங்கே சட்டம் படித்தவர்கள் சி.எல்.பி. எழுத வேண்டியதில்லை. ஏ.சி.சி.ஏ. தாள்களை வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதலாம், கட்டணமும் தாளுக்குத் தாள்தான். சான்றிதழில் ‘இரட்டைப் பட்டம்’ என்ற சொல் இருக்காது. அறிவில் குறை எதுவும் இராது. உபகாரச் சம்பளம் கையில் இருந்தால் வெளிநாட்டு இரட்டைப் பட்டத்துக்குப் போங்கள். இல்லையென்றால், குடும்பத்தைக் கடனில் தள்ளி அதை வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பள்ளியில் இருக்கும்போதே

படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-மில் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். வழக்கறிஞராக நீதிமன்றத்தில் ஏற்கப்படும் கட்டத்தில் மலாய்த் தகுதி மறுபடியும் கேட்கப்படும்; நீதிமன்ற ஆவணங்களும் மலாயில்தான். படிவம் நான்கு, ஐந்தில் கணக்கியல் கோட்பாட்டுப் பாடம் உங்கள் பள்ளியில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் கவலை வேண்டாம், பல்கலைக்கழகத்தில் முதல் பக்கத்திலிருந்து சொல்லித் தருவார்கள். கணிதத்தைப் பற்றிய பயத்தையும் விடுங்கள். கணக்கியலில் பெரும்பகுதி கூட்டல், கழித்தல், சதவிகிதம். எந்த எண் எந்தத் தலைப்பின்கீழ் போகும் என்று முடிவு செய்வதுதான் வேலை.

படிவம் ஆறு, அதன் எஸ்.டி.பி.எம். தேர்வு பற்றி ஒரு சொல். ‘எஸ்.டி.பி.எம். கடினம், நேரே தனியார் கல்லூரிக்குப் போகிறேன்’ என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்து வருந்துகிறேன். அரசுப் பள்ளியில் ஏறக்குறைய செலவே இல்லாமல் கிடைக்கும் அந்தப் படிப்பு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஏற்கப்படுகிறது. நீண்ட விடை எழுதும் பழக்கம் சட்டப் படிப்புக்கு அப்படியே கைகொடுக்கும்.

பணத்துக்கு: உள்ளூர்ப் படிப்பென்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உண்டு. பெற்றோரின் ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கவும் விதி இருக்கிறது. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய முதுமைக்கான சோறு.

வீட்டிலேயே இருக்கும் பாடநூல்

தோட்டத்துப் பிள்ளைகள் தங்களுக்கு இந்தத் துறையோடு சம்பந்தமே இல்லை என்று கூச்சப்படுகிறார்கள். நகரத்து வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அம்மாவின் சம்பளச் சீட்டை எடுங்கள். பெரட்டில் (காலை ஆள்கணக்கில்) பெயர் பதிவான நாட்கள், கூலி, ஊழியர் சேமநிதிக் கழிவு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கழிவு, முன்பணக் கழிவு. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது: கூலியும் கழிவும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு உட்பட்டவை, சேமநிதிக்கு 1991-ஆம் ஆண்டுச் சட்டம். அதே ஒவ்வொரு வரியும் நிறுவனத்தின் பேரேட்டில் ஒரு பற்று, ஒரு வரவு. முன்பணம் கொடுத்த அன்று அது நிறுவனத்துக்குச் செலவு இல்லை. தொழிலாளி தர வேண்டிய தொகை, அதாவது சொத்து. சம்பளத்தில் பிடித்த அன்று அந்தச் சொத்து தீர்ந்துவிடுகிறது. அப்பா செக்ரோலில் சிவப்பு மையால் போட்ட சிறு கோடு இதைத்தான் சொல்லியிருக்கிறது.

பெண்கள் சேர்ந்து கட்டும் கூட்டுப் பணமும் (சீட்டு) அப்படியே. அதை ஒரு வியாபாரமாக நடத்துவதைத் தடுக்க 1971-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்று நான் சொன்னால் பல தாய்மார்கள் திகைக்கிறார்கள்.

எங்கள் ஊரின் வரலாறே இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்ததுதான். விடுதலைக்குப் பிறகு ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். லயத்துக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்க வைத்தார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் அதன் முதல் தோட்டம். பங்குக் கணக்கு, கூட்டுறவுச் சட்டம், நிலப்பட்டா மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் அப்படி ஒரு வேலை நிற்கும்.

ஒரே விற்பனையை இரண்டு முறை எழுதுங்கள்

படிக்கும் முறை என்று கேட்டால் நான் சொல்வது இது ஒன்றுதான். ஏதாவது ஒரு பரிவர்த்தனையை எடுத்து, ஒரு தாளில் கணக்காளராகவும் இன்னொரு தாளில் வழக்கறிஞராகவும் எழுதுங்கள். தோட்ட விற்பனையையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு நிறுவனம் தன் செம்பனைத் தோட்டத்தை விற்கிறது. அதன் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. டிசம்பர் தொடக்கத்திலேயே, யார் யாருக்கு எந்தத் தேதியில் வேலை முடியும் என்ற விவரமான திட்டத்தைத் தொழிலாளர்களிடம் அறிவித்துவிட்டது. தோட்டம் கைமாறுவது ஜனவரி 15.

வழக்கறிஞரின் தாள்: 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் என்றால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். துண்டாடலைத் தடுக்க வந்த பிரிவு அது. அடுத்து தொழிலாளர்கள். 1980-ஆம் ஆண்டு வேலைநீக்க இழப்பீட்டு விதிமுறைகளின்படி, ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 22 ஆண்டு உழைத்த ஒருவரின் சராசரி நாள் சம்பளம் 65 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 20 நாள், 22 ஆண்டு, ஆக 440 நாள். தொகை 28,600 ரிங்கிட். ஆனால் புது முதலாளி, தோட்டம் கைமாறிய ஏழு நாளுக்குள், முந்தையதைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்து, தொழிலாளி நியாயமான காரணமின்றி மறுத்தால் அந்தத் தொகை கிடையாது. முன்வராவிட்டால், பழைய முதலாளி கொடுக்க வேண்டும்; வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆக, சட்டத்தின் பார்வையில் கடன் ஜனவரியில் பிறக்கிறது.

கணக்காளரின் தாள்: செம்பனை மரம் நிலையான சொத்து, மலேசிய நிதி அறிக்கைத் தரநிலை 116-இன்கீழ். மரத்தில் தொங்கும் குலை வேறு; அது 141-இன்கீழ் நியாய மதிப்பில் அளக்கப்படும் உயிரியல் சொத்து. வேலைநீக்கத் தொகைக்குத் தரநிலை 119. நிறுவனம் இனிப் பின்வாங்க முடியாத நிலைக்கு வந்த நாள், அல்லது மறுசீரமைப்புச் செலவைப் பதிவு செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அன்றே பொறுப்பு ஏட்டில் ஏற வேண்டும். திட்டம் டிசம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஜனவரியில் பிறக்கும் கடன் டிசம்பர் 31-இன் நிதி அறிக்கையிலேயே தோன்றலாம். இப்படி நூறு தொழிலாளர் என்றால் 28 லட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட். வாங்குபவர் பார்க்கும் இலாபமே மாறிவிடும்.

இந்த இரண்டு தேதிகளும் ஏன் வேறுபடுகின்றன என்று பதற்றமில்லாமல் ஒரு பக்கம் எழுத முடிந்தால், இரட்டைப் படிப்பு உங்களுக்குள் ஒட்டிவிட்டது என்று பொருள். பிறகு மூன்றாவது தாளும் எடுங்கள்: வரி. ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்த நிலத்தை மலேசிய நிறுவனம் விற்றால் நிலச் சொத்து ஆதாய வரி 10 சதவிகிதம். நில வியாபாரமே அந்த நிறுவனத்தின் தொழில் என்று வரி வாரியம் கருதினால் அதே இலாபத்துக்கு வருமான வரி. பொதுவான நிறுவன விகிதம் 24 சதவிகிதம். வாங்கியபோது என்ன நோக்கம், ஏட்டில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதினார்கள் என்பதெல்லாம் சாட்சியமாக வந்து நிற்கும். மதிப்பீட்டு அறிவிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம், படிவம் ‘கியூ’. அந்த 30 நாளைத் தவறவிட்டுவிட்டு வருபவர்கள்தான் என் அலுவலகத்தில் அதிகம் அழுகிறார்கள்.

அன்றாடப் படிப்பில் கவனிக்க வேண்டியவை சில. கணக்கியல் கை வேலை. தினமும் ஒரு கணக்காவது போட வேண்டும், ஒரு வாரம் விட்டால் கை மறந்துவிடும். சட்டத்துக்கு நீண்ட நேரம் உட்கார வேண்டும். அரை மணி நேரத் துண்டுகளில் ஒரு தீர்ப்பைப் படிக்க முடியாது. ஆகவே கணக்கை விடியற்காலையிலும் தீர்ப்புகளை வார இறுதியிலும் வையுங்கள். ஒரு பருவம் முழுக்கச் சட்டம், அடுத்தது முழுக்கக் கணக்கு என்று பிரிக்காதீர்கள். கணக்கியலில் இரண்டாம் பாடம் முதல் பாடத்தின் மேல் ஏறி நிற்கும். இடைவெளி விட்டால் மறுபடியும் கீழிருந்து தொடங்க வேண்டும்.

விடை எழுதும்போது மனத்தை மாற்றிக்கொள்ளவும் பழக வேண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சட்டத் தாளில் இரண்டு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிறார்கள். சட்டத்தில் முடிவுக்கு மதிப்பெண் சொற்பம். பிரச்சினை என்ன, விதி என்ன, இந்த உண்மைகளுக்கு அது எப்படிப் பொருந்துகிறது, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று படிப்படியாக எழுதுவதற்குத்தான் மதிப்பெண்.

இரண்டு பக்கமும் பயன்படும் தீர்ப்புகளைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நிறுவனமும் அதன் முதலாளியும் வேறு வேறு நபர்கள் என்ற 1897-ஆம் ஆண்டின் சாலமன் தீர்ப்பு. கணக்கியலில் முதல் வாரத்தில் சொல்லித்தரும் தனி அலகுக் கோட்பாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 1896-இல் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு. மேலாளர் கையெழுத்திட்ட கையிருப்புக் கணக்கை நம்பிய தணிக்கையாளர்மேல் பொறுப்பு விழவில்லை. 1990-இல் கப்பாரோ வழக்கு. தணிக்கை அறிக்கையை நம்பிப் பங்கு வாங்கியவருக்குத் தணிக்கையாளர் பொறுப்பாளி இல்லை என்று வந்த தீர்ப்பு. இவற்றை வரிசையாகப் படித்தால் தணிக்கை என்ற தொழில் வளர்ந்த விதமே விளங்கும்.

நோட்டின் கடைசிப் பக்கங்களை மூன்று பத்தியாகப் பிரித்து ஆங்கிலம், மலாய், தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டே வாருங்கள். நாளைக்குத் தோட்டத்து ஆயா தமிழில் சொல்வதைக் கேட்டு, மலாயில் சத்தியப் பிரமாணமாக எழுத வேண்டியவர் நீங்கள். விடுமுறையில் சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலேறி ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போங்கள். வழக்கு விசாரணை பெரும்பாலும் பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கும். முழுக்கால் சட்டை அல்லது சுத்தமான பாஜு, அணைத்து வைத்த கைப்பேசி, பின்வரிசை; அது போதும்.

பட்டத்துக்குப் பிறகு எந்த வரிசை

வெளிநாட்டுப் பட்டம் என்றால் சி.எல்.பி.யில் ஐந்து தாள்கள்: பொதுத் தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை. அதன்பின் சேம்பரிங் எனப்படும் ஒன்பது மாத வழக்கறிஞர் பயிற்சி; உங்களுக்குப் பயிற்சி தருபவர் குறைந்தது ஏழாண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞராக இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துபூர்வமான சிறப்பு அனுமதியின்றி வேறு வேலை பார்க்கக் கூடாது. இரவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பகுதிநேரமாக இருந்து அனுபவ ஆண்டுகளைச் சேர்க்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கியல் பக்கம் 1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டம். அதன் முதல் அட்டவணையில் உள்நாட்டுப் பட்டங்கள் ஒரு பகுதி, தொழில்முறை அமைப்புகள் இன்னொரு பகுதி. வெளிநாட்டு இரட்டைப் பட்டம் பெற்றவர் பெரும்பாலும் இரண்டாம் பகுதி வழியாகத்தான் மலேசியக் கணக்காளர் கழகத்தில் நுழைகிறார்: சி.பி.ஏ. ஆஸ்திரேலியாவில் ஆறு பாடங்கள், மூன்றாண்டு அனுபவம், பிறகு கழகத்தில் பதிவு.

வழக்கறிஞர் பலகைதான் உங்கள் பலகை என்றால், சி.எல்.பி.யையும் சேம்பரிங்கையும் இடைவெளி விடாமல் முடியுங்கள். சேம்பரிங்கின்போது சி.பி.ஏ. பாடம் ஒன்றை எழுதுவது வேலை பார்ப்பது ஆகாது, படிப்புதான். ஆனாலும் பயிற்சி தருபவரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். கணக்காளர் பலகை என்றால், முதலில் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து அனுபவத்தைத் தொடங்குங்கள், சி.எல்.பி.யை மட்டும் தள்ளிப்போடாமல் எழுதி முடித்துவிடுங்கள். நடைமுறைச் சட்டம் பட்டப் பாடங்கள் நினைவில் இருக்கும்போதுதான் மண்டையில் ஏறும். சேம்பரிங் அதன்பின் காத்திருக்கலாம்.

சேம்பரிங்குக்கு இடம் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். நேர்காணலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மாத உதவித்தொகை எவ்வளவு, வரி மேல்முறையீட்டுக் கோப்புகளோ நிறுவனக் கலைப்புக் கோப்புகளோ அலுவலகத்தில் இருக்கின்றனவா. முதல் பதில் உங்கள் அறை வாடகைக்கு. இரண்டாவது பதில் ‘இல்லை’ என்று வந்தால், அடுத்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள்.